நிறுத்தாத லைன்

மண்ணூர்
19.1.2025

அன்புள்ள காஞ்சனா அத்தைக்கு,

காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். மாமாவிடமும் வேண்டாம். படித்துவிட்டு அடுப்பில் போட்டாலும் சரி. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதே எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அம்மாவுக்குப் பொங்கலன்று பிடித்த சளி மட்டும் விடவில்லை. ஓசூர்க் குளிரில் உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறதோ என்று அம்மா தினமும் ஒருமுறையாவது கேட்கிறார்.

நிலம் விற்ற பணத்தில் உங்கள் பாதியை பேங்கில் போட்டிருப்பதாக அப்பா உங்களிடம் சொன்னார் அல்லவா? அது பேங்கில் இல்லை அத்தை. உங்கள் பாதியும் எங்கள் பாதியும் சேர்ந்து ஷேர் மார்க்கெட்டில் இருக்கின்றன. கம்பெனி பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்காரும் வசந்தகுமார் அண்ணன்தான் ஆரம்பித்துவைத்தார். "அரசண்ணே, பெரிய கம்பெனி இனிமே எங்க வளரப் போவுது? சின்னக் கம்பெனிலதான் வளர எடம் கீது. நம்ம ஒரகடமே முன்ன எப்டி இருந்துச்சு, இப்ப பாரு" என்றாராம். அப்பாவுக்கு அந்த ஒரகடம் உதாரணம் போதுமாக இருந்தது. உங்களுக்கு இரட்டிப்பாகக் கொடுத்து அசத்த வேண்டும் என்று ஆசை.

சின்னக் கம்பெனிகளுக்கு இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. ஒன்றை வீட்டில் இருநூற்றைம்பது என்போம், இன்னொன்றை ஐம்பது என்போம். பணம் முழுவதும் இருநூற்றைம்பதில் இருக்கிறது. போனில் அந்த ஷேர் ஆப்பைத் திறப்பது நான்தான். அப்பா ஒருதடவை தெரியாமல் எதையோ அழுத்தி, பாதிப் பணத்தை வெளியே எடுக்க உத்தரவு போட்டுவிட்டார், நான்தான் ரத்து செய்தேன். அன்றிலிருந்து அவர் விரல் அந்தப் பக்கம் போவதில்லை. ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

அப்பா லைன் லீடர் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த லைன் மந்தமாக இருக்கிறதோ அங்கிருந்து ஆட்களை எடுத்து, ஓடுகிற லைனில் நிறுத்துவதுதான் அவர் வேலை. பணத்தையும் அப்படித்தான் பார்க்கிறார். போன வாரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "எழிலு, இருநூத்தம்பது தூங்கிகினு கீது. ஐம்பதுதான் ஓடுது. எல்லாத்தையும் தூக்கி அங்க போட்டுரு" என்றார்.

நான் ரகசிய எண்ணைத் தவறாகப் போட்டேன். பயத்தில் மறுபடியும் தவறு. மூன்றாவது முறை ஆப் பூட்டிக்கொண்டு, நாளைக்கு வா என்றது. காலையில் அப்பா வந்ததும் "ஆச்சா?" என்று கேட்டார். ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம். "ஆச்சுப்பா" என்று வாயில் வந்துவிட்டது. மறுநாள் திறந்து பார்த்தபோது இரண்டுமே இறங்கியிருந்தன, ஐம்பது அதிகமாக. இப்போது மாற்றினால் நஷ்டம் என்று கை வரவில்லை. இன்றுவரை மாற்றவில்லை. அப்பா மாற்றியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

பாதி உங்கள் பணம் என்பதால் உங்களிடம் சொல்கிறேன். போன் செய்யாதீர்கள். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பதிலை என்னோடு படிக்கும் பூஜாவின் அப்பா வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை முகவரிக்குப் போடுங்கள். பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் பயந்தாங்கொள்ளி,
எழிலரசி

*

ஓசூர்
27.1.2025

எழிலுக்கு,

உன் கடிதம் வந்தது. போஸ்ட்மேன் அதை மாமா கையிலேயே கொடுத்துவிட்டார். "இந்தக் காலத்துல யாருடி உனக்கு லெட்டர் போடறது?" என்றார். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதிப் பழகச் சொன்னார்களாம், என் மருமகள் எனக்கு எழுதிப் பழகுகிறாள் என்றேன். ஆக, பொய் சொன்னவர்கள் கணக்கில் நானும் சேர்ந்தாயிற்று.

முட்டிவலி இருக்கிறது. அது இல்லாத நாளில்தான் எனக்கு என்னவோ போல இருக்கும். உன் அம்மாவைச் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் குடிக்கச் சொல். மாத்திரை மேல் மாத்திரை போடவேண்டாம்.

பணம் பேங்கில் இல்லை என்று படித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு மாமாவுக்குத் தோசை ஊற்றப் போய்விட்டேன். அரசு என்னிடம் சொல்லவில்லை என்றால் அவனுக்கு ஒரு காரணம் இருக்கும். அவன் சொல்லும்போது அப்போதுதான் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் குடியிருக்கும் இந்த வாடகை வீட்டை ஆவணியில் எங்களுக்கே விலைக்கு எழுதிக்கொடுப்பதாக அதன் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதற்குத்தான் இந்தப் பணம். அது அரசுக்கும் தெரியும். ஆவணிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஐம்பது என்கிறாய், இருநூற்றைம்பது என்கிறாய். அது விலையா, வேறு ஏதாவதா? ஒன்று தூங்கும்போது இன்னொன்று எப்படி ஓடும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. என் பணம் எந்த வீட்டில் குடியிருக்கிறது என்றாவது தெரிந்துகொள்கிறேன்.

நேரத்துக்குத் தூங்கு. ராத்திரி விழித்தால் கண் உள்ளே போய்விடும்.

உன் அத்தை,
காஞ்சனா

*

மண்ணூர்
9.2.2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் திட்டாமல் எழுதியதைப் படித்து ஜெராக்ஸ் கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். பூஜா மார்க்கு குறைந்துவிட்டதா என்று கேட்டாள். அம்மாவின் சளி போய்விட்டது. நீங்களும் மாமாவும் வெயில் வந்த பிறகு கொஞ்சம் நடக்கப் போனால் முட்டிக்கு நல்லது.

இருநூற்றைம்பது என்பது விலை இல்லை, கம்பெனிகளின் எண்ணிக்கை. பெரியவை, நடுத்தரமானவை எல்லாம் போக அடுத்த வரிசையில் இருக்கும் இருநூற்றைம்பது சின்னக் கம்பெனிகளின் விலைகளைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது அந்தக் குறியீடு. ஐம்பது என்பது அதே கூட்டத்தில் அதிகமாகக் கைமாறும் ஐம்பதை மட்டும் தனியாகப் பிரித்தது. ஐம்பதில் யூனிட் விலை குறைவாக இருப்பதால் அது மலிவு என்று அப்பா நினைக்கிறார். ரோட்டோரத்தில் சென்ட் விலை ஏறினால் உள்ளே தள்ளி வாங்குவோமே, அந்த மாதிரி. எங்கள் காமர்ஸ் டீச்சரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். எண் பெரியதா சின்னதா என்பதில் ஒன்றும் இல்லை, நூற்றுக்கு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று மட்டும் பார் என்றார்.

அப்படிப் பார்த்தால் இரண்டும் ஒரே ரோட்டில் போகிற வண்டிகள். காலையில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கம்பெனி பஸ்ஸும் போகும், வேனும் போகும். இருநூற்றைம்பதுதான் பஸ், ஐம்பது வேன். சிக்னல் விழுந்தால் இரண்டும் நிற்கும். சந்து கிடைத்தால் வேன் முந்தும், பள்ளம் வந்தால் வேனில் இருப்பவர்கள்தான் அதிகம் குலுங்குவார்கள். அப்பாவோ வேன் முந்தும்போது வேனுக்கும் பஸ் முந்தும்போது பஸ்ஸுக்கும் ஓடிப்போய் ஏறச் சொல்கிறார். ஏறி உட்காரும்போது மற்றது முந்திவிடுகிறது. ஒவ்வொரு முறையும் டிக்கெட் காசு வேறு பிடிக்கிறார்கள்.

இப்போது பள்ளம் வந்திருக்கிறது அத்தை. நூறு ரூபாய் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இருப்பது ஏறக்குறைய தொண்ணூறு. ஆனால் நான் அப்பா சொன்னபடி மாற்றியிருந்தால் எவ்வளவு இருக்குமோ அதைத்தானே அவரிடம் சொல்லவேண்டும்? அதனால் தினமும் ஐம்பதின் குறியீட்டைப் பார்த்து, இல்லாத ஒரு பணத்துக்குக் கணக்குப் போட்டு, எண்பத்தெட்டு என்று சொல்கிறேன். "இன்னா கணக்கு இன்னிக்கு? ஏறிகீதா, எறங்கிகீதா?" என்று கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் சாக்ஸைத் தேடுவேன்.

உங்கள் பணம் பஸ்ஸில் இருக்கிறது. சீட்டு கிடைத்து உட்கார்ந்திருக்கிறது.

அன்புடன்,
எழிலரசி

*

ஓசூர்
18.2.2025

எழிலுக்கு,

மாமாவும் நானும் சௌக்கியம். நீ சொன்னாய் என்று நடக்கப் போனோம். அவர் முன்னால் போய்விடுகிறார், நான் பின்னால். பஸ்ஸும் வேனும் ஞாபகம் வந்து நானே சிரித்துக்கொண்டேன். "இன்னாத்துக்கு சிரிக்கற?" என்று திரும்பிக் கேட்டார். சொல்லவில்லை.

டிவியில் பார்த்தேன். சிவப்பு சிவப்பாக ஓடுகிறது. முன்பெல்லாம் அந்தச் சானலைத் தள்ளிவிட்டு நாடகம் போடுவேன், இப்போது கொஞ்சநேரம் நின்று பார்க்கிறேன். ஒரு கண்ணாடிக்காரர் இன்னும் இறங்கும் என்றார், பக்கத்தில் இருந்தவர் இதுதான் வாங்கும் நேரம் என்றார். இருவரும் ஒரே மாதிரி டை கட்டியிருக்கிறார்கள்.

அரசு மெலிந்துவிட்டான் என்று உன் அம்மா போனில் சொன்னாள். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்தால் வெறும் டீயோடு படுக்க விடாதீர்கள்.

பரீட்சைக்குப் படி. இது உனக்குப் பரீட்சை இல்லை.

அத்தை

*

மண்ணூர்
2.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் நலத்தை விசாரிக்காமல் ஆரம்பிப்பதற்கு மன்னியுங்கள். அவசரம்.

நேற்று அப்பா என்னை பைக்கில் டியூஷனிலிருந்து கூட்டி வந்தார். டீக்கடையில் வசந்தகுமார் அண்ணன் நின்றிருந்தார். எப்போதும் கிண்டல் செய்பவர், நேற்று கண்ணாடி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் வெளிய வந்துட்டேன். போனது போவட்டும்."

"எல்லாத்தையுமா?"

"ஆமா. எங்க வூட்ல சோறு போட மாட்டேன்னுட்டா. சின்னக் கம்பெனி வளரும்னு சொன்னியே, அது வளந்தப்பறம் வந்து சோறு துன்னுன்னு சொல்றா."

அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார். அவர்கள் கம்பெனியில் வரிசையாகப் பழுதுப் பீஸ் வந்தால் லைன் லீடர் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்திவிட வேண்டுமாம். யோசிக்கிற நேரத்தில் இன்னும் பத்து பீஸ் வீணாகும், அதனால் முதலில் நிறுத்து, பிறகு யோசி என்பதுதான் பயிற்சியாம். "லைன் ஸ்டாப், எழிலு. எல்லாத்தையும் எடுத்து அந்த லிக்விட் பண்டுல போட்டுரு. ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம்" என்றார். லிக்விட் பண்ட் என்பது அதே ஆப்பில் இருக்கிற பத்திரமான இடம். பேங்க் வட்டி மாதிரி மெதுவாக நகரும்.

அப்பா கணக்கில் நூறு ரூபாய் எழுபத்தைந்து ஆகிவிட்டது. நிஜத்தில் இருப்பது எழுபத்தெட்டு.

இன்று காலை "ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். ஆனால் செய்யவில்லை. பழைய வருடங்களின் வரைபடங்களைப் பார்த்தேன். இதைவிடப் பெரிய பள்ளத்தில் விழுந்தும் சின்னக் கம்பெனிகள் எழுந்திருக்கின்றன. ஒருமுறை எழுந்திருக்க வருடக்கணக்கானது. உங்களுக்கோ ஆவணியில் பணம் வேண்டும். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தமுறை ரகசிய எண் சரியாகத் தெரியும், பூட்டிக்கொண்டது என்று சாக்குச் சொல்லவும் முடியாது.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதுங்கள். நிறுத்து என்றால் அன்றைக்கே நிறுத்துகிறேன்.

எழிலரசி

*

மண்ணூர்
17.3.2025

அன்புள்ள அத்தைக்கு,

நீங்களும் மாமாவும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வழியில்லை, உங்கள் கடிதம் வரவில்லை. பூஜாவின் அப்பாவைத் தினமும் கேட்டுக் கேட்டு, இப்போது என்னைப் பார்த்ததுமே "இல்லம்மா" என்று கையை விரிக்கிறார். என் கடிதம் தொலைந்துவிட்டதா, அல்லது உங்களுக்கு என்மேல் கோபமா?

பரீட்சை நடக்கிறது. தமிழ் நன்றாக எழுதினேன். காமர்ஸ் பாக்கி இருக்கிறது.

நீங்கள் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். காத்திருந்த நாளெல்லாம் பணம் அங்கேயே இருந்தது. நான் முடிவெடுக்கவே இல்லை அத்தை, ஆனால் அதுவே முடிவாகிவிட்டது. மார்க்கெட் கொஞ்சம் தலைதூக்கியிருக்கிறது. நிலைக்குமா என்று தெரியாது.

அப்பா இப்போது கணக்குக் கேட்பதில்லை. லைன் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கேட்காதது எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கிறது, அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

எழிலரசி

*

ஓசூர்
14.4.2025

எழிலுக்கு,

புதுவருஷ ஆசீர்வாதம். நல்லபடியாகப் படித்து, நல்லபடியாகச் சாப்பிட்டு, நல்லபடியாகத் தூங்கு.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. கோபம் இல்லை. வீட்டில் வேலை இருந்தது. இன்று மாங்காய்ப் பச்சடி செய்தேன். மாமா வேப்பம்பூவை ஒதுக்கிவிட்டு வெல்லத்தை மட்டும் தின்றார். வருஷம் பூராவும் அப்படியே இருக்கட்டும் என்று ஜோசியம் வேறு.

காமர்ஸ் எப்படி எழுதினாய்? அரசு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறானா? சாப்பிடுகிறானா? உன் அம்மாவிடம் கேட்டால் இருக்கிறார், சாப்பிடுகிறார் என்கிறாள். நீ பார்த்து எழுது.

மாவடு போட்டிருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தை

*

மண்ணூர்
15.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

மாவடு வந்தது. அம்மா ஒளித்துவைக்கிறார், நான் கண்டுபிடிக்கிறேன். உங்கள் முட்டி, மாமாவின் சர்க்கரை இரண்டும் அடங்கியிருக்கின்றன என்று அம்மா சொன்னார். சந்தோஷம்.

காமர்ஸில் தொண்ணூற்றைந்து. பிளஸ் டூ வகுப்பு தொடங்கிவிட்டது. அதைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. ஏப்ரல் ஆரம்பத்தில் ஒரு திங்கட்கிழமை மறுபடி பெரிய குழியில் விழுந்து என் உயிரே போனது. அதற்குப் பிறகு ஏற ஆரம்பித்தது, மே முழுவதும் ஏறியது. இப்போது உங்கள் நூறு தொண்ணூற்றாறு ஆகியிருக்கிறது. வேனும் மேடேறிவிட்டது, பஸ்ஸும் மேடேறிவிட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் என்று நாங்கள் அடித்துக்கொண்டது கொஞ்சம்தான். இறங்கினவர்களுக்கும் இறங்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரியது.

அப்பா கணக்கில் இன்னும் எழுபத்தைந்துதான், கொஞ்சம் வட்டியோடு. அதனால் எனக்கு ஒரு யோசனை. ஆவணி வரை ஒன்றும் சொல்லாமல் இருந்து, பணம் எடுக்கும் அன்று அப்படியே காட்டி அவரை ஆச்சரியப்படுத்தினால் என்ன? அவ்வளவு சந்தோஷத்தில் என்னைத் திட்ட அவருக்கு நேரம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டிருந்தீர்கள். இருப்பதில்லை. ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். "இப்ப ஓ.டி. நல்லா குடுக்கறான், உடுவானேன்?" என்கிறார். என்னைக் காலேஜில் சேர்ப்பதற்காக இருக்கும். பாவம், போன ஞாயிறு சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிட்டார். அம்மாவும் நானும் சத்தம் போடாமல் சிரித்தோம்.

ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று பயமில்லாமல் எழுதுகிறேன்.

மகிழ்ச்சியுடன்,
எழிலரசி

*

ஓசூர்
24.6.2025

எழிலுக்கு,

தொண்ணூற்றைந்துக்கு உனக்கு ஒரு சுரிதார் துணி எடுத்திருக்கிறேன். நீலம். மாமா பச்சைதான் என்று அடம் பிடித்தார், விடவில்லை. இங்கே எல்லோரும் நன்றாகவே இருக்கிறோம். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

மார்ச் மாதம் உன் கடிதம் கைக்கு வந்த அன்று சாயங்காலம் அரசு போன் செய்தான். கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று பேசினான், லாரி சத்தம் கேட்டது. "அக்கா, பேங்க்ல போட்டேன்னு சொன்னது பொய்க்கா. மார்க்கெட்ல போட்டேன். ஒன் பங்குல கால்வாசி போச்சு. லைன நிறுத்திட்டேன், இனிமே போவாது. என் பங்க எழிலு காலேஜுக்குன்னு வெச்சிகீறேன், அதத் தொடமாட்டேன். ஓ.டி. பாத்து ஆவணிக்குள்ள நான் ரொப்பிக் குடுத்துடுவேன்" என்றான். ஐம்பது வயதுக்காரன் அழுவதைப் போனில் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தேன். இன்னொரு கையில் உன் கடிதம்.

லைன் நிற்கவில்லை அரசு என்று நான் அவனிடம் சொல்லியிருக்கலாம். யாரிடமும் காட்டாதே என்று நீ காலில் விழுந்திருக்கிறாய். நிறுத்து என்று உனக்கு எழுதியிருக்கலாம், நிறுத்தாதே என்றும் எழுதியிருக்கலாம். எதை எழுதினாலும் என் பணத்துக்காக எழுதியது போல இருக்கும். இறங்கினால் பழி உன் தலையில், ஏறினால் அவனுக்குத் தலைகுனிவு. காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன். நாள் போய்விட்டது. பிறகு பச்சடி, மாவடு என்று எதையோ எழுதினேன்.

அவசரமில்லை, வீடு போனால் போகட்டும் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போவது உன் காலேஜுக்கு இல்லை எழில். அந்தக் கால்வாசிக்கு.

உன்னைத் திட்டவில்லை. ஆனால் ஒன்று. ஏறியதால் நீ செய்தது சரி என்று நினைக்காதே. இன்னும் இறங்கியிருந்தாலும் நீ இதே பெண்தான், சொன்னது இதே பொய்தான். விலை எங்கே போகும் என்று அந்த டை கட்டியவர்களுக்கே தெரியவில்லை. உன் அப்பன் முகம் எங்கே போகிறது என்று உனக்குத் தெரியும்.

ஆச்சரியப்படுத்த ஆவணி வரை காத்திருந்தால், அதுவரை அவன் எத்தனை ஞாயிறு போவான்? நான் சொல்லமாட்டேன். நீதான் சொல்லவேண்டும்.

அத்தை

*

மண்ணூர்
3.8.2025

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு என்னிடம் பரீட்சை என்ற சாக்குகூட இல்லை. நீல சுரிதார் அளவாக இருக்கிறது. இன்று ஆடிப்பெருக்குக்கு அதைத்தான் போட்டுக்கொண்டேன். அம்மா சித்திரான்னம் செய்தார். நீங்களும் மாமாவும் நலமாக இருக்கவேண்டும் என்று கும்பிடும்போது நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து தினமும் முயற்சி செய்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து "அப்பா" என்றேன். "இன்னாம்மா?" என்று திரும்பினார். "டியூஷன் பீஸ் கட்டணும்" என்றேன். இன்னொரு நாள் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்றார், அதைப் பற்றியே பேசிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூலையில் மார்க்கெட் மறுபடி சறுக்கியது. இந்தமுறையும் வேன்தான் அதிகம் குலுங்கியது. உங்கள் நூறு இப்போது தொண்ணூற்று மூன்று. இனி மேலே போகுமா கீழே போகுமா என்று பேப்பரில் பாதிப் பேர் அப்படியும் பாதிப் பேர் இப்படியும் எழுதுகிறார்கள். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். சறுக்க ஆரம்பித்தபோது, அப்படியே எழுபத்தைந்துக்கு வந்துவிட்டால் நான் சொன்னது உண்மையாகிவிடும், யாரிடமும் எதையும் சொல்லவேண்டாம் என்று ஒருநாள் ஆசைப்பட்டேன். உங்கள் வீட்டுப் பணம் அழியவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன் அத்தை. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

இன்று காலை அப்பா ஓ.டி.க்குக் கிளம்பும்போது வசந்தகுமார் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணே, சும்மா கிண்டலுக்குச் சொல்றியோன்னு நெனச்சேன். நெஜமாவே குடுக்கப்போறியா?"

"நாளைக்குப் பணத்தக் கொண்டாந்துட்டு எடுத்துகினு போ."

"பொண்டாட்டிய உட்டாலும் உடுவேன், இந்த வண்டிய உடமாட்டேன்னு சொல்லிகினு இருந்த ஆளு."

"எங்க அக்காவுக்குக் குடுக்கணும்டா. பஸ்தான் வாசல்ல வருதே, வண்டி எதுக்கு?"

அம்மா உள்ளே பாத்திரத்தை டொங்கென்று வைத்தார். அப்பா வண்டியை ஒருமுறை துடைத்துவிட்டு, துணியை மடித்து சீட்டின் கீழே வைத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அதனால் இன்றைக்கே சொல்லிவிடப் போகிறேன். காலையில் போன அப்பா இரண்டு ஷிப்டும் முடித்து வரும் நேரம்தான் இது. அம்மா தூங்கிவிட்டார். எதை முதலில் சொல்வது என்று பகலெல்லாம் யோசித்தேன். பணம் இருக்கிறது என்று முதலில் சொன்னால் அவர் முகம் மலர்ந்துவிடும், என்னைத் தூக்கிக்கூடச் சுற்றுவார், அப்புறம் நான் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. பொய் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் அமுங்கிப்போகும். அதனால் முதலில் பொய்யைச் சொல்லிவிடுவேன். மூன்றுமுறை எண் தவறியதிலிருந்து வரிசையாக, ஒன்றையும் விடாமல். பணத்தைப் பிறகு சொல்வேன். இடையில் அவர் என்ன சொன்னாலும், கை ஓங்கினாலும், எழுந்து போகமாட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. இது முன்பு இருந்த பயம் மாதிரி இல்லை. பரீட்சை ஹாலில் கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்னால் இருக்குமே, அந்த மாதிரி. பதில் தெரிந்த பயம்.

கேட் சத்தம் கேட்கிறது. செருப்பைக் கழற்றுகிறார்.

கதவைத் தட்டுகிறார். "எழிலு, லைட்டு எரியுதே, இன்னும் தூங்கலியாம்மா?" என்கிறார். இந்தக் காகிதத்தை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போகிறேன் அத்தை. கதவைத் திறக்க…